யூதரின் நீல நூல்

யூத சமய நெறியிற் பிறழாது ஒழுகும் ஆடவன் ஒருவனைத் தெருவிற் காண்போர் முதலிற் காண்பது அவன் உச்சியை மூடிய சிறு குல்லாயை. அவன் கிழக்கு ஐரோப்பியப் பக்தர் கூட்டத்தைச் சேர்ந்தவனாயின், முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த கருநிற அங்கியையும், ஓய்வுநாளில் மென்மயிர்த் தோலாற் செய்த வட்டத் தொப்பியையும் காண்பர். யூதனின் உடை யாதெனக் கேட்டால் உலகம் இவற்றையே சுட்டும். ஆயின், இவற்றுள் ஒன்றேனும் மோசேயின் ஐந்து நூல்களில் விதிக்கப்பட்டதன்று. குல்லாய் பிற்காலத்து வழக்கம். நாட்பட நாட்பட அது விதிக்கு நிகரான வலிமை பெற்றது. நீண்ட அங்கியும் மயிர்த்தோல் தொப்பியும், போலந்து நாட்டில் ஒரு காலத்தில் வழங்கிய உடைகளை ஒட்டி எழுந்தவை. அந்நாட்டார் அவற்றைக் களைந்து பல தலைமுறைகள் ஆகியும் யூதர் களையவில்லை, அவ்வளவே.

பொதுமக்களாகிய ஆடவர் தம் உடையில் இதனைச் செய்யவேண்டும் என்று மோசேயின் நூல்கள் கூறும் விதி வேறு. அது பெரும்பாலும் சட்டைக்குள் மறைந்து கிடப்பது. ஆடையின் நான்கு மூலைகளிலும் கட்டப்படும் நூற்குஞ்சமே அது.

எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் இவ்விதி உள்ளது. இஸ்ரவேலர் தலைமுறைதோறும் தம் ஆடையின் மூலைகளிற் குஞ்சம் அமைத்து, அக்குஞ்சத்தில் ஒரு நீல நூலைச் சேர்க்கவேண்டும். அதனைப் பார்க்குந்தோறும் கட்டளைகள் யாவும் நினைவுக்கு வரவேண்டும். உபாகமம் 22ஆம் அதிகாரம், ஆடைக்கு மூலைகள் நான்கு என்பதையும் சேர்த்துச் சொல்கின்றது. தமிழ் வேதாகமம் குஞ்சத்தைத் 'தொங்கல்' என்றும், நூலின் நிறத்தை 'இளநீலம்' என்றும் வழங்குகின்றது. எபிரேய மொழியில் குஞ்சத்துக்குச் 'சிட்சித்' என்பது பெயர். நீல நூலின் பெயர் 'தெக்கேலெத்'. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஏனெனில், பெயர் மட்டும் நின்று பொருள் மறைந்துபோன சொல் இது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தெக்கேலெத் என்று நாள்தோறும் ஓதியவர்கள், தெக்கேலெத்தைக் கண்ணாற் கண்டதில்லை.

பண்டைக்காலத்தில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில், மேலாடை என்பது பெரும்பாலும் தைக்கப்படாத நீள்சதுரத் துணியே. போர்த்துக்கொண்டால் நான்கு மூலைகளும் தொங்கும். அம்மூலைகளிலேயே குஞ்சம் கட்டினர். சிரியா நாட்டில், யூப்பிரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்பசு என்னும் பாழ்நகரில் 1932ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட யூத ஜெபாலயத்தின் சுவரோவியங்களில், மோசேயின் ஆடை மூலையில் இத்தகைய குஞ்சம் தொங்குவதைக் காணலாம். அவ்வோவியங்கள் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டவை. அதற்கும் முன்னர், நெடுநாள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணொருத்தி இயேசுவின் பின்னே வந்து அவருடைய ஆடையின் ஓரத்தைத் தொட்டுக் குணமடைந்தாள் என்று சுவிசேஷம் கூறுகின்றது அன்றோ? அங்கே 'ஓரம்' என வரும் கிரேக்கச் சொல், சிட்சித் குஞ்சத்துக்குக் கிரேக்க யூதர் வழங்கிய அதே சொல்லாகும். கிறிஸ்தவ ஆலயங்களிற் பலமுறை வாசிக்கப்பட்ட இந்நிகழ்ச்சியில், அவள் கை பற்றியது ஒரு யூத ஆடவனின் சமயக் குஞ்சத்தை என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி.

காலம் மாறியது. தைத்த சட்டையும் அங்கியும் வந்தன. மூலையற்ற உடைக்குக் குஞ்சம் வேண்டியதில்லை என்பது சட்டம். சட்டத்தின் சொல்லை மட்டும் பார்ப்பின், யூதர் இவ்விதியினின்றும் அன்றே விடுதலை பெற்றிருக்கலாம். அவர்கள் விடுதலையை விரும்பவில்லை. விதி தம்மைக் கட்டவேண்டும் என்பதற்காகவே நான்கு மூலைகளுள்ள ஆடையைத் தனியே நெய்து அணியலாயினர். காலைத் தொழுகையின்போது போர்க்கும் பெரிய போர்வை 'தல்லித்' எனப்படும். நடுவிலே தலை நுழையுமாறு துளையிட்டுச் சட்டைக்குள் நாள் முழுவதும் அணியும் சிறிய துணி 'சிறு தல்லித்'. கிழக்கு ஐரோப்பிய யூதருட் பலர் மணமான பின்னரே பெரிய தல்லித்தைப் போர்ப்பர். ஜெர்மானிய யூதரோ சிறுவயது முதலே போர்ப்பர். குஞ்சத்தைப் 'பார்க்க' வேண்டும் என்பதே வேதவிதி ஆதலால், இது பகலுக்கு உரிய கடமை, இரவுக்கு இல்லை.

குஞ்சம் கட்டும் முறையும் நுட்பமானது. ஒவ்வொரு மூலைத் துளையிலும் நான்கு நூல்களைச் செலுத்தி மடிக்க, எட்டு முனைகள் ஆகின்றன. அவற்றுள் ஒரு நூல் ஏனையவற்றினும் நீளமானது. அதனைக் கொண்டு மற்றவற்றைச் சுற்றி, இடையிடையே முடிச்சிட்டு, ஐந்து இரட்டை முடிச்சுகளில் முடிப்பர். சுற்றுகள் 7, 8, 11, 13 என அமைந்து 39 ஆவது ஐரோப்பிய யூதரிடையே பரவிய முறை. எபிரேய எழுத்துக்களுக்கு எண்மதிப்பு உண்டு. 'சிட்சித்' என்னும் சொல்லின் கூட்டுத்தொகை 600. அதனோடு எட்டு முனைகளையும் ஐந்து முடிச்சுகளையும் கூட்ட 613 வரும். வேதத்திலுள்ள கட்டளைகளின் தொகை 613 என்பது யூதர் கொள்கை. ஒருவன் இறந்தால், தான் தொழுகையிற் போர்த்த தல்லித்தையே போர்த்தி அவனை அடக்கம் செய்வது பல ஊர்களில் உள்ள வழக்கம். அப்போது ஒரு மூலைக் குஞ்சத்தை அறுத்துவிடுவர். கட்டளையை நிறைவேற்றும் கடமை இறந்தவனுக்கு இல்லை என்பதே அதன் கருத்து.

இனி நீலத்தைப் பற்றிப் பார்ப்போம். தெக்கேலெத் வெறும் நீல நிறம் அன்று. இன்ன பொருளிலிருந்து எடுத்த நீலமே தெக்கேலெத் ஆகும். 'ஹிலாசோன்' என்னும் கடலுயிரின் குருதியால் தோய்த்த கம்பளி நூலுக்கே அப்பெயர் பொருந்தும் என்பது யூத அறிஞர் துணிபு. அவ்வுயிர் கடலைப் போன்ற நிறத்தது, மீனை ஒத்தது, எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே வருவது, ஆகவே அதன் சாயம் விலைமிக்கது என்று, ஏறக்குறையக் கி.பி. 500 அளவில் தொகுக்கப்பட்ட தல்மூத் எனும் பெருநூல் கூறுகின்றது. அதனைப் பிடிப்போர், தீரு நகரின் மலைக்கணவாயிலிருந்து ஹைபா வரையுள்ள கடற்கரையில் வாழ்ந்தனர் என்றும் வேறோரிடத்தில் குறிப்பு உண்டு.

தீருவும் சீதோனும் பினீசியரின் துறைமுகங்கள். முள்ளும் முடிச்சுமான ஓடுடைய கடல்நத்தைகளைக் குவியல் குவியலாக உடைத்து, அவற்றின் உடலிலுள்ள ஒரு சிறு சுரப்பியிலிருந்து செந்நீலச் சாயம் எடுத்து உலகெங்கும் விற்றவர் அவர்களே. தமிழ் வேதாகமத்தில் 'இரத்தாம்பரம்' என வருவது அவ்வகைச் செந்நீலம். அச்சாயத்தின் அருமையை ஓர் எண்ணால் அறியலாம். 1909ஆம் ஆண்டு பிரீட்லாண்டர் என்னும் இரசாயன அறிஞர், இச்சாயத்தின் அமைப்பை ஆராயும்பொருட்டு 12,000 நத்தைகளை உடைத்தார். கிடைத்த சாயம் 1.4 கிராம். உரோமச் சக்கரவர்த்தி தயோக்கிளீசியன் கி.பி. 301இல் வெளியிட்ட விலைக் கட்டளையில், செந்நீலம் தோய்த்த பட்டு நூல் ஓர் இறாத்தலுக்கு 150,000 தெனாரி என உச்சவிலை குறிக்கப்பட்டுள்ளது. அதே கட்டளையில் வயற்கூலியாளின் நாட்கூலி, உணவு நீங்கலாக, 25 தெனாரி. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஒருநாளும் ஓயாது உழைப்பவனின் கூலி ஓர் இறாத்தல் நூலுக்கு ஈடாகும். அரசர்க்குரிய பட்டின் விலை அது; கம்பளியிலான தெக்கேலெத்தின் விலை அவ்வளவு இருந்திராது. எனினும் ஏழைக் குடியானவன் ஒருவன் தன் ஆடையின் நான்கு மூலைகளிலும் அரசவைச் சாயத்தின் உறவான நூலைக் கட்டித் திரியவேண்டும் என்று விதித்த சமயத்தின் துணிவு வியக்கத்தக்கது.

அரிய பொருள் உள்ள இடத்தில் போலியும் உண்டு. தெக்கேலெத்தின் போலி வந்தது இந்தியாவிலிருந்து. அவுரிச் செடியின் நீலம், கிரேக்கரும் உரோமரும் இந்தியாவின் பெயராலேயே அழைத்த சரக்கு. நத்தைச் சாயத்தோடு ஒப்பிட மிக மலிவானது. யூத அறிஞர் அதனைக் 'காலா இலான்' என்றனர். கருமையையும் நீலத்தையும் குறிக்கும் வடசொற்களிலிருந்தே அப்பெயர் பிறந்தது எனச் சில ஆராய்ச்சியாளர் கருதுவர். அவுரியில் தோய்த்த நூலும் நத்தையில் தோய்த்த நூலும் கண்ணுக்கு வேறுபாடற்றவை. ஆகவே வெந்தயச் சாறு முதலியவற்றில் ஊறவைத்துச் சோதிக்கும் முறைகளைத் தல்மூத் விரிவாக எழுதி வைத்தது. தக்கவரிடமன்றி வாங்கலாகாது என்றும் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கைகளுள் ஒன்று கடுமையானது. எகிப்தில் தலைப்பிள்ளை யார், அல்லாதவன் யார் எனப் பிரித்தறிந்த இறைவன், அவுரி நூலைக் கட்டிக்கொண்டு இது தெக்கேலெத் எனச் சொல்பவனையும் பிரித்தறிந்து தண்டிப்பான் என்பது அதன் கருத்து. மனிதர் எவரும் கண்டுபிடிக்க முடியாத பொய் என்பதனால்தான் இத்துணைக் கடுமை.

இவ்வச்சம் வீணன்று என்பதற்குச் சான்று மண்ணிலிருந்தே கிடைத்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் யிகாயேல் யாதீன், சாக்கடலின் மேற்குக் கரையிலுள்ள குகையொன்றை ஆராய்ந்தார். கி.பி. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்துப் பார் கோக்பா என்பவன் தலைமையில் நிகழ்ந்த கிளர்ச்சியின் முடிவில், அகதிகள் ஒளிந்து மாண்ட குகை அது. அங்கே நீலச்சாயல் கொண்ட செந்நிறக் கம்பளிக் கற்றையொன்று அகப்பட்டது. சிட்சித்துக்காக வைத்திருந்த தெக்கேலெத் என்று கருதப்பட்டது. சோதித்தபோது அதிலிருந்தது அவுரி நீலமும், மரப்பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயமுமே. அதனை வைத்திருந்தவர் போலியை அறிந்தே வாங்கினாரா, ஏமாற்றப்பட்டாரா, அன்றி அது வேறெதற்கோ உரிய கம்பளியா என்பதை அக்குகை சொல்லவில்லை.

தெக்கேலெத் எவ்வாறு மறைந்தது என்பதற்கு ஒரே காரணம் கூறுதல் இயலாது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் உரோமச் சக்கரவர்த்திகள் உயர்ந்த நத்தைச் சாயத்தை அரசாங்கச் சாலைகளுக்கே உரித்தாக்கி, பிறர் செய்வதைக் குற்றமாக்கினர். தல்மூத்தில் ஓர் இரகசியக் கடிதம் இடம்பெற்றுள்ளது. பாலஸ்தீனத்திலிருந்து பாபிலோனியாவில் வாழ்ந்த ராவா என்னும் அறிஞருக்கு எழுதப்பட்டது அது. ஊர்ப்பெயர்களையும் பொருட்பெயர்களையும் மறைத்து, இருவர் புறப்பட்டு வந்தனர், கழுகு அவர்களைப் பிடித்தது, அவர்கள் கையில் லூஸ் என்னும் ஊரிற் செய்த சரக்கு இருந்தது, இறையருளால் தப்பினர் என்னும் பொருள்பட எழுதியுள்ளனர். கழுகு உரோமப் பேரரசின் சின்னம். லூஸ் ஊரின் சரக்கு தெக்கேலெத். ஆடைமூலையில் கட்டும் நூலைக் கடத்தற்பொருள் போல் ஒளித்துக் கொண்டு செல்லவேண்டிய காலம் அது.

அதன் பின்னரும் சிறிது காலம் பாபிலோனியாவுக்குத் தெக்கேலெத் வந்ததாகக் குறிப்பு உண்டு. பின்பு 7ஆம் நூற்றாண்டில் அராபியர் படையெழுச்சியில் பினீசியக் கடற்கரை கைமாறியது. பழைய சாயச்சாலைகள் அழிந்தன. அக்காலத்தையொட்டிய யூத நூலொன்று, இப்போது வெள்ளையே உண்டு, தெக்கேலெத் மறைக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரியிற் கூறி அமைகின்றது. எந்த நத்தை என்பதையும், எப்படித் தோய்ப்பது என்பதையும் அறிந்தவர் ஒருவரும் இலர்.

இங்கே யூதர் செய்ததே இவ்வரலாற்றின் உயிர்நிலை. அவுரி கையருகே இருந்தது. கண்ணுக்கு அதே நிறம். மலிவு. அதனைத் தோய்த்துக் கட்டி, 'நூல் நீலம், விதி நிறைவேறியது' என ஆறுதல் கொள்ளுதல் எளிது. காணும் அயலாரும் குறை காணார். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நீலம் இன்றேல் வெள்ளை செல்லாததன்று என்று 2ஆம், 3ஆம் நூற்றாண்டு அளவிலேயே மிஷ்னா என்னும் சட்டநூல் வழிவிட்டிருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு எட்டு முனைகளையும் வெள்ளையாகவே விட்டனர். நீலம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிற்று. ஸ்பெயினிலும் ஏமனிலும் போலந்திலும் பாக்தாதிலும், ஒருவரையொருவர் காணாத கூட்டத்தார் அனைவரும் அவ்வெறுமையை அப்படியே காத்தனர். தல்லித்தின் ஓரத்தில் நெய்யப்படும் கருங்கோடும் நீலக்கோடும் மறைந்த நூலின் நினைவே என்பது மக்கள் வழங்கும் விளக்கம். 1897ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதலாவது சீயோனிய மாநாட்டுக்குக் கொடி வேண்டியபோது, தாவீது வொல்ப்சோன் என்பவர் தல்லித்தையே எண்ணி நீலக் கோடுகளிட்ட வெள்ளைத் துணியை அமைத்தார். 1948இல் பிறந்த இஸ்ரவேல் நாட்டின் கொடியும் அவ்வமைப்பினதே. கொடியில் நீலம் ஏறியது, குஞ்சத்தில் ஏறவில்லை.

இழந்ததைத் தேடப் புறப்பட்டவர் போலந்திலுள்ள ராட்சின் என்னும் சிற்றூரின் சமயத் தலைவர், கெர்ஷோன் ஹெனோக் லைனர். 1887ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் வாதம் எளிது. ஹிலாசோன் அழிந்துபோயிற்று என எவரும் சொல்லவில்லை; அறிவுதான் அழிந்தது; ஆகவே தேடுதல் கடமை. அவர் இத்தாலிக்குப் பயணம் செய்து, நேப்பிள்சு நகரின் கடலுயிர்க் காட்சிச்சாலையில் உயிரினங்களைப் பார்வையிட்டார். தல்மூத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கணவாயே ஹிலாசோன் என முடிவு செய்தார். கணவாயின் மை கருமையானது. அதனை நீலமாக்க ஒரு சாயக்காரரின் உதவியால் வழி கண்டார். ஊரிற் சாயச்சாலை நிறுவினார். ஆயிரக்கணக்கான அவருடைய அடியார்கள் நீலக் குஞ்சம் அணிந்தனர். அக்காலத்துப் பேரறிஞருட் பலர் இணங்கவில்லை. ஆயினும் ராட்சின் கூட்டத்தார் மாறவில்லை.

அவர் சாயம் கண்ட அதே காலத்தில், 1888ஆம் ஆண்டு, போலந்தின் லொம்சா நகரிற் பிறந்தவர் ஐசாக் ஹெர்சொக். பின்னர் அயர்லாந்தின் தலைமை யூதகுருவாகவும், 1936 முதல் பாலஸ்தீனத்தின் தலைமைக் குருவாகவும், இஸ்ரவேல் தோன்றிய பின் 1959இல் இறக்கும்வரை அந்நாட்டின் தலைமைக் குருவாகவும் விளங்கியவர். அவர் இளைஞராயிருந்தபோது இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய பட்ட ஆய்வு தெக்கேலெத்தைப் பற்றியது. 1913இல் முடிந்த அவ்வாய்வின்பொருட்டு ராட்சின் நூல்களை வரவழைத்து, பாரிஸ் நகரின் கொபெலின் சாயச்சாலை முதலிய இடங்களுக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்தார். விடை திகைப்பூட்டுவது. அந்நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரிற் கண்டுபிடிக்கப்பட்ட 'பிரஷ்ய நீலம்' என்னும் இரசாயனப் பொருள். கணவாயின் மையோடு இரும்புத்தூளும் காரமும் சேர்த்துக் கடுஞ்சூட்டிற் காய்ச்சுவதால் அது உண்டாகின்றது. கணவாய்க்குப் பதில் மாட்டுக் குருதியை இட்டாலும் அதே நீலம் வரும்! தூய நெஞ்சினராகிய ராட்சின் தலைவர், போலியை வெறுத்து மெய்யைத் தேடிச் சென்று, அறியாமலே மற்றொரு போலியிற் சென்று நின்றார். ராட்சின் கூட்டத்தைப் போலந்தில் நாசிகள் அழித்தனர். அவர் வழிவந்த தலைவர் சாமுவேல் சாலொமோன் லைனர் 1942இல் கொல்லப்பட்டார். போருக்குப் பின் எஞ்சியோர் இஸ்ரவேலில் அச்சாயத்தை மீண்டும் செய்ய முற்பட்டபோது, செய்முறையை விளக்கும் பழைய கடிதங்கள் ஹெர்சொக்கிடமே கிடைத்தன. மறுத்தவரின் பெட்டியே மரபைக் காத்தது.

ஹெர்சொக்கின் கருத்து கடல்நத்தையை நோக்கியே சென்றது. 1858இல் பிரெஞ்சு விலங்கியலறிஞர் லக்காசு துத்தியர், மினோர்க்காத் தீவில் மீனவன் ஒருவன் நத்தையைப் பிளந்து அதன் நீரால் தன் சட்டையில் அடையாளக் கோடு இடுவதைக் கண்டார். முதலில் மஞ்சளாகத் தெரிந்த கோடு வெயிலிற் செந்நீலமாயிற்று. அன்று தொடங்கிய ஆராய்ச்சியில், பண்டையோர் சாயம் எடுத்த நத்தைகள் மூன்று எனத் தெளிவாயிற்று. அவற்றுள் பட்டையிட்ட ஓடுடைய ஒருவகை முட்சங்கு, நீலச்சாயல் மிகுந்த சாயம் தருவது. ஹெர்சொக் அதனை நெருங்கியும் துணியவில்லை. அதன் சாயம் தூய நீலமாக வரவில்லை. செம்மை கலந்தே வந்தது. தெக்கேலெத்தோ அவுரியோடு மயங்குமளவு நீலமாக இருந்தாக வேண்டுமே?

அம்முடிச்சு 1980களில் அவிழ்ந்தது, அதுவும் தற்செயலாக. இஸ்ரவேலின் செங்கார் கல்லூரியில் நூலிழை இயலாளரான ஓட்டோ எல்சுனர் இந்நத்தைச் சாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூட்டமான நாட்களிற் கம்பளி செந்நீலமாயிற்று. வெயில் எறித்த நாட்களில் தூய நீலமாயிற்று! காரணம் இதுவே. அவுரிச் சாயத்தின் மூலக்கூறோடு புரோமின் அணுக்கள் சேர்ந்ததே நத்தைச் சாயம். சாயத்தைக் கரைத்து வைத்த தொட்டியில் வெயில் விழுந்தால் புரோமின் கழன்றுவிடும். எஞ்சுவது அவுரியின் நீலமே. ஆய்வுக்கூடத்தின் மறைவில் உழைத்த வேதியியலார்க்கு அகப்படாதது, திறந்த வெளியிற் சாயம் காய்ச்சிய பண்டைத் தொழிலாளிக்கு நாள்தோறும் அகப்பட்டிருக்கும். கிழக்கு மத்தியதரைக் கரையில் வெயிலுக்குக் குறைவில்லை.

இதனால் விளங்கும் செய்தி மற்றொன்று. தெக்கேலெத்தும் காலா இலானும் கண்ணுக்கு மட்டும் ஒத்தவையல்ல. இரண்டிலும் நீலம் தருவது ஒரே பொருள். கடலினின்று வந்தது எது, வயலினின்று வந்தது எது என்பதை, எஞ்சிநிற்கும் புரோமினின் சுவடு கொண்டே இன்றைய கருவிகள் பிரிக்கின்றன. அங்ஙனம் பிரித்தே, பார் கோக்பா கால அகதிகள் ஒளிந்த முரப்பாத் குகைகளிற் கிடைத்த துணியொன்றில் நத்தையின் நீலம் உண்டென நாமா சுக்கேனிக் என்னும் ஆய்வாளர் 2013இல் அறிவித்தார். ஹைபாவை அடுத்த சிக்மோனா மேட்டிலும் பழைய நத்தைச் சாயச்சாலையின் தடயங்கள் வெளிப்பட்டுள்ளன. தல்மூத் குறித்த கடற்கரை அதுவே.

எல்சுனரின் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து, 1980களின் இறுதியில் எருசலேமில் அந்நத்தையால் நூல் தோய்த்துச் சிட்சித் கட்டினர். 1990களில் அதற்கென ஒரு நிறுவனமும் தோன்றியது. இன்று பல்லாயிரவர் நீல நூல் அணிகின்றனர். ஆயினும் நெறியில் ஊன்றிய யூதரிற் பெரும்பாலோர் இன்னும் வெள்ளையே கட்டுகின்றனர். அவர்களுடைய வாதத்தைப் பழமைப்பற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. குருவிடமிருந்து மாணாக்கன் பெற்று வழிவழி வந்த அறிவு ஒருமுறை அறுந்தபின், புலமையும் வேதியியலும் சேர்ந்து அதனை ஒட்ட முடியுமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. ராட்சின் கதையே அவர்களுக்குத் துணை. எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் உயிர் எனச் சொன்ன அடையாளம், ஆண்டு முழுதும் கிடைக்கும் நத்தைக்கு எவ்வாறு பொருந்தும் என்றும் வினவுவர். மற்றவரோ, ஐயத்துக்கு இடமிருப்பினும் நீலம் கட்டுவதால் இழப்பு ஒன்றுமில்லை, கட்டாதிருந்து அதுவே மெய்யாயின் வேதவிதியொன்று கைநழுவும் என்பர்.

நீலம் மீண்டும் கைக்கு வந்ததனால், எண்ணூறு ஆண்டுகளாகத் தூங்கிய மற்றொரு வழக்கும் விழித்துக்கொண்டது. எட்டு முனைகளில் எத்தனை நீலமாக இருக்கவேண்டும்? பிரான்சின் ராஷியும் அவர் வழியினரும் நான்கு என்றனர். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீசு ஒன்றே போதும் என்றார். அவர் நூலுக்கு மறுப்புரை எழுதிய புரோவன்சு நாட்டு ஆபிரகாம் பென் தாவீது இரண்டு என்றார். இவர்களில் எவரும் அந்நூலைக் கண்டவர் அல்லர். ஏட்டளவில் நடந்த வாதம் அது. இன்று நூல் விற்பவர் மூவர் முறைக்கும் ஏற்ற மூவகைச் சிப்பங்களை வைத்திருக்கின்றனர். வாங்குபவன் கடையிற் காசு கொடுக்குமுன், தான் மைமோனிடீசின் பக்கமா, ராஷியின் பக்கமா என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.